வந்து சேராத டப்பா

"ரிப்போர்ட்டைத் தொலைச்சிட்டு சிரிப்பு வேறயா?"

டீச்சர் தட்டிய தட்டில் லேபின் கண்ணாடித் தடுப்பே அதிர்ந்தது. வெளியே மழை... உள்ளே நிமிர்ந்து பார்த்த லேப்காரனுக்கு அநியாயத்துக்குப் பெரிய கண்கள். பாவி, திட்டு வாங்கும்போதா இப்படிப் பார்ப்பான்?

"சிரிக்கலைங்க. மூணு வருஷத்துக்கு முந்தி உங்க தாடையில சுரண்டி எடுத்தது இங்க வரவே இல்ல. ஆபரேஷன் பண்ணவங்க நீர்க்கட்டின்னு நினைச்சு குப்பையில போட்டிருக்காங்க."

"குப்பையிலயா?"

"இப்ப எடுத்த ஸ்கேன்படி இது எலும்புக்குள்ள பரவுற கட்டி. சுரண்டினா திரும்ப வரும். அந்தச் சதையை ஒரு டப்பாவுல... ஒரே ஒரு டப்பாவுல போட்டு அனுப்பியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்!"

மேஜையைக் குத்தினான். அவளைவிட அவனுக்குக் கோபம் அதிகம். அவள் எழுதிய புகாரில், வேலை போனாலும் போகட்டும் என்று, சாட்சிக் கையெழுத்தும் போட்டான். அங்கேதான் அவள் மனசு வழுக்கியது.

இந்த முறை சதை ஒழுங்காக லேபுக்குப் போனது; அதே கட்டிதான் என்று உறுதியானது. ஒரு பக்கத் தாடையையே வெட்டி, அங்கே காலிலிருந்து எடுத்த எலும்பை வைக்க வேண்டும் என்றார்கள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடியே கல்யாணத்தை முடிச்சிடலாம்டி. பேசி வச்ச மாப்பிள்ளை வீட்டுக்கு இதைச் சொல்லவே வேணாம்" என்றாள் அக்கா.

"மறைச்சு விக்க நான் என்ன ஓட்டைப் பாத்திரமா?"

அந்தச் சம்பந்தமே வேண்டாமென்று சொல்லிவிட்டு, அதே எரிச்சலோடு வந்தவளை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் நிறுத்தினான். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"வேணாம்! எனக்குப் பரிதாபம் ஆகாது. தாடை போனப்புறம் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, தைரியம் இருந்தா சொல்லுங்க."

ஆபரேஷன் முடிந்து எட்டாம் நாள். முகம் வீங்கி, காதிலிருந்து கழுத்து வரை தையல். பேச முடியாது, நோட்டும் பேனாவும்தான். அவன் மழையில் நனைந்தபடி வந்தான்.

"வெட்டின ஓரமெல்லாம் சுத்தம், கட்டி மிச்சமில்ல. டாக்டர் பார்த்துச் சொல்லிட்டார்" என்றவன் அவள் முகத்தையே பார்த்தான். பார்வையைத் திருப்பவே இல்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'பார்த்தாச்சில்ல? சொல்ல வந்தது என்னாச்சு?' என்று எழுதி நீட்டினாள்.

"பிடிச்சிருக்கு. கண்ணாடியைத் தட்டினீங்களே... அப்பவே."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பேனாவை அழுத்தி எழுதினாள்: 'அந்த டப்பா வந்திருந்தா நாம சந்திச்சிருக்கவே மாட்டோம். அதுக்காக அவங்களை விட்டுட மாட்டேன். புகார் புகார்தான்.'

"சரிங்க டீச்சர்" என்று அவன் எழப் போனான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, அடியில் ஒரே ஒரு வார்த்தை சேர்த்தாள்.

'எனக்கும்.'