அறுபத்திரண்டாவது கிலோமீட்டர்

"மேடம், காலைப் பார்த்து வைங்க! வழுக்குச்சுன்னா நேரா பள்ளம்தான்!"

லைன் இன்ஸ்பெக்டர் மாசிலாமணியின் கூச்சல் பொற்கொடியின் காதில் ஏறவில்லை. பாறையைப் பற்றி விறுவிறுவென ஏறினாள். லைன்மேன் எட்டியப்பன் காணாமல் போய் முழுசாக ஒரு நாள் ஆகிவிட்டது. அவரைத் தனியாக அனுப்பிய இன்ஜினீயர் அவள்தான்!

நேற்றுக் காலை இடி விழுந்து, எட்டு லட்சம் வோல்ட் நேர்மின்சாரம் ஓடும் லைன் நின்றுபோனது. பழுதிலிருந்து கிளம்பிய மின் அலை இரு முனை நிலையங்களையும் எட்டிய நேரத்தை வைத்துக் கருவி தூரம் சொன்னது: தெற்கு முனையிலிருந்து அறுபத்திரண்டு கிலோமீட்டர். பொற்கொடி வரைபடத்தில் அளந்தாள். நூற்று ஐம்பத்தைந்தாவது டவர். "ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுங்கண்ணே" என்றாள். செல்போன் சிக்னல் எட்டாத மலை. போனவர் திரும்பவில்லை. தேடிப் போனவர்களும் இருட்டும்வரை அந்த டவரையே சுற்றிவிட்டு வெறுங்கையோடு இறங்கினார்கள்.

இதோ, இன்றும் அதே டவர்.

"கம்பியைத் தாங்குற பீங்கான் தட்டெல்லாம் அப்படியே இருக்கு. உங்க மெஷினு புளுகுது மேடம்!" என்றார் மாசிலாமணி.

பொற்கொடி அண்ணாந்து பார்த்தாள். கம்பி ஒரு முகட்டிலிருந்து பள்ளத்துக்குத் தொய்ந்து இறங்கி, அடுத்த முகட்டுக்கு ஏறியது. அவள் சட்டென்று திரும்பினாள்.

"மெஷின் சொன்னது கம்பியோட நீளம்! நான் படத்துல தட்டையா அளந்துட்டேன். மலையில ஏறி இறங்குற கம்பி நீளம் கூடுமே! பழுது ரெண்டு கிலோமீட்டர் தெற்கே இருக்கு. அஞ்சு டவர் பின்னால! ஓடுங்க!"

வழிகாட்டி லட்சுமணன் முள்ளை வெட்டித் தள்ள, இடுப்பளவு ஓடையைக் கடந்து ஓடினார்கள். நூற்று ஐம்பதாவது டவர். தட்டுகள் சிதறிக் கம்பி சரிந்து கிடந்தது. பழுது கிடைத்துவிட்டது! யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. பாறைக்குக் கீழே மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது.

"எட்டியண்ணே!"

சறுக்கிக்கொண்டே இறங்கினாள். பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றிக் காயம்பட்ட தொடையில் இறுக்கிக் கட்டியிருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது.

லட்சுமணன் அவர் கன்னத்தைத் தொட்டான். "ராவெல்லாம் உசுரு இருந்திருக்குங்க. விடியறப்பதான்..."

மாசிலாமணி விம்மினார். "கணக்கா போட்டான் பாவி? நடந்தே கண்டுபிடிச்சிருக்கான் மேடம்!"

மூங்கிலில் தூளி கட்டி அவரைச் சுமந்து இறங்கினார்கள்.

மறுநாள் பழுது பார்க்க எட்டுப் பேர் ஏறினார்கள். அடிவாரத்தில் காத்திருந்த பொற்கொடி, ஒவ்வொரு டவருக்கும் கம்பியின் உண்மையான நீளத்தைக் கணக்கிட்டு எழுதினாள். இனி எந்த லைன்மேனும் அவளுடைய தப்புக் கணக்கை நம்பி நடக்கக்கூடாது.

மாலையில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வந்தது. ஏறிய அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள் என்று ஆள் கணக்கு சொல்லாமல் லைனில் மின்சாரம் ஏற்ற மாட்டார்கள்.

"மேல போனவங்க எத்தனை பேர் மேடம்?"

"ஒன்பது."

"எட்டுன்னுதானே எழுதியிருக்கு?"

"எட்டியப்பனையும் சேர்த்துக்குங்க. ஒன்பது பேரும் இறங்கியாச்சு."

"ஒன்பது. எழுதிக்கிட்டேன் மேடம்." பிறகு, தலைக்கு மேலே கம்பி மெல்ல முனகத் தொடங்கியது.