குவோல் தெருவின் எட்டு ஸ்டிக்கர்கள்

செவ்வாய், காலை 9.10.

குவோல் தெருவில் எட்டு ஸ்டிக்கர்கள் களவு போயிருந்தன.

களவு என்றதும் பொன்னோ பொருளோ என்று பதற வேண்டாம். 'விளம்பரத் தாள் போடாதீர்கள்' என்று தபால் பெட்டியில் ஒட்டுகிற உள்ளங்கை அகல ஸ்டிக்கர்தான். தெருவில் ஒன்பது வீடு, எட்டில் அது இருந்தது. இன்று ஒன்றுகூட இல்லை. டயர் கடை, மெத்தைக் கடை, இறைச்சிக் கடை என்று எட்டுப் பெட்டியிலும் வண்ணத் தாள்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன.

தபால்காரி லொரெயின் ஹாக்கின் மின்வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே சத்தம் காதைத் துளைத்தது. கத்தியது மூன்றாம் எண் கிளெனிஸ் பர்டன். வீடு வீடாக ஏறி இறங்கி அந்த ஸ்டிக்கரை ஒட்டவைத்ததே இந்தப் புண்ணியவதிதான். எதிரே தள்ளுவண்டியோடு நின்றவள் கோரலி பெஸ்விக். வயது ஐம்பத்தெட்டு, விளம்பரத் தாள் போடுவது பிழைப்பு.

"நீதான் பிச்சிருக்க! காலைல ஆறே முக்காலுக்கு என் பெட்டியத் தடவிக்கிட்டு நின்னத ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

"ஒட்டியிருந்தது எங்க போச்சுன்னு தடவிப் பார்த்தேங்க. தடவினா கொலைக் குத்தமா?"

"தாள் வாங்குற வீடு ஒண்ணே ஒண்ணு மிஞ்சினா தெருவையே உன் ரூட்டுலேருந்து எடுத்துடுவாங்கன்னு போன வாரம் நீதானே தெருவெல்லாம் புலம்பின? அதான் வேலையக் காட்டிட்ட. உன் கம்பெனிக்குப் போன் போட்டாச்சு!"

கோரலி லொரெயின் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"பன்னெண்டு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம், லொரெயின். இல்லன்னா வண்டியத் திருப்பிக் குடுன்னுட்டான் சூப்பர்வைசர். இந்த வயசுல என்னை வேற எவன் வேலைக்கு வைப்பான்?"

லொரெயின் போலீஸ் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடமாக எங்கள் பென்ரோவன் ஊரின் தபால் பெட்டிகளோடு குடும்பம் நடத்துகிறவள். உறையைத் தொட்டே உள்ளே இருப்பது கல்யாணப் பத்திரிகையா, வக்கீல் நோட்டீசா என்று சொல்லிவிடுவாள்.

"பன்னெண்டா? தாராளமா நேரம் இருக்கு" என்று கையுறையைக் கழற்றினாள்.

9.25.

முதலில் கிளெனிஸின் பெட்டி. ஸ்டிக்கர் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. ஒரு பிசிறு இல்லை. பெட்டிக்குக் கீழே, வெயில் படாத நடைபாதையில் தட்டு அளவுக்கு ஒரு பனிக்கட்டித் திட்டு. லொரெயின் தெருவை ஒரு நடை போய் வந்தாள். எட்டுப் பெட்டிக்கு எட்டுத் திட்டு. ஸ்டிக்கரே ஒட்டாத ஒன்பதாம் எண் பெட்டிக்குக் கீழே மட்டும் தரை காய்ந்திருந்தது. ஒரு திட்டை நகத்தால் சுரண்டினாள். லேசான பழுப்பு நிறம். உள்ளே கறுப்பாக ஏதோ துணுக்கு.

"கிளெனிஸ், இந்த வாரம் மழை பெஞ்சுதா?"

"எங்க பெஞ்சுது? ராத்திரியானா உறைபனிதான்."

"கோரலி, நேத்து சாயங்காலம் எங்க இருந்த?"

"எங்க கம்பெனி டிப்போவுல. மூணுலேருந்து ஏழு வரைக்கும் தாள் அடுக்கினேன். கூட அஞ்சு பேர் இருந்தாங்க."

"வண்டியில தடிதடியா என்னது?"

"டெலிபோன் டைரக்டரி. தெருவுக்கு ஒம்பது குடுத்தாங்க. எட்டு வீட்டுக்காரங்க வேணாம்னு பேர் குடுத்திருக்காங்க. லிஸ்டுப்படி ஒண்ணுதான் போட்டேன், மிச்சம் திரும்பிப் போகுது."

"எட்டையும் போட்டதா எழுதிக்கிட்டா கூலி வருமில்ல?"

"வரும். தாளைவிட மூணு மடங்கு வரும். ஆனா பொய்க் கணக்கு எழுத எனக்கு வராது."

"அந்த ஒண்ணு யாருக்கு?"

"ஒம்பதாம் நம்பர் ஆல்வின் கிரப்புக்கு. வருஷா வருஷம் அவர் ஒருத்தர்தான் வாங்குவாரு. பெட்டியில நுழையாதுல்ல, கதவத் தட்டிக் கையில குடுத்தேன்."

9.50.

ஆல்வின் கிரப்பே வந்து சேர்ந்தார். மரம் அறுக்கும் ஆலையில் ஓய்வு பெற்றவர், அறுபத்து மூன்று வயது. காலையும் மாலையும் பள்ளிக்கூட வாசலில் பலகையைப் பிடித்துக் கார்களை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பார். தோளில் இரண்டு லிட்டர் பிளாஸ்க்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் காது சிவந்துவிட்டது.

"கோரலி மேல பழியா? ஐயய்யோ, அப்படிப்பட்ட பொம்பளையே இல்லைங்க அவங்க!"

"குளிருது ஆல்வின். ஒரு வாய் டீ குடுங்க."

லொரெயின் குடித்தாள். நாக்கில் ஒட்டிய இலையைத் துப்பினாள்.

"வடிகட்டக் கூடாதா?"

"இலை போட்டுக் கொதிக்கவிட்டாத்தான் டீ. பையில கட்டித் தொங்கவிடுறதெல்லாம் கழுவின தண்ணி!"

"அதுவும் சரிதான். உங்க வீட்டு போன் நம்பர் என்ன?"

"போனா? அதத் துண்டிச்சு மூணு வருஷம் ஆச்சே."

10.05.

லொரெயின் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கிளெனிஸ், நீங்க ஆளை மாத்திப் பிடிச்சிட்டீங்க. இந்தக் குளிர்ல ஸ்டிக்கரை உரிச்சா சுக்குநூறாத்தான் வரும். முழுசா வரணும்னா சூடா எதையாவது ஊத்தணும். ஊத்தினது வழிஞ்சு, கல்லா உறைஞ்சு கிடக்கு. அப்படின்னா உறைபனி இறங்குறதுக்கு முன்னாடி, நேத்து சாயங்காலமே வேலை முடிஞ்சிருச்சு. அப்ப கோரலி டிப்போவுல. அதோட, மூணு மடங்கு கூலிய வேணாம்னு திருப்பி அனுப்புறவ, சில்லறைக்கு ஸ்டிக்கர் திருடுவாளா?"

"அப்ப யாரு?" என்றாள் கிளெனிஸ்.

"ஊத்தினது டீ. வடிகட்டாத டீ. பனிக்கட்டிக்குள்ள இலை இருக்கு. நேத்து பள்ளிக்கூடம் விட்டதும் பிளாஸ்கோட இந்த வழியா நடந்து வந்தவர் ஒருத்தர்தான். இல்லையா, ஆல்வின்?"

ஆல்வின் பலகையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா எதுக்குன்னுதான் குழம்பினேன். வீட்டுல போனே இல்லாத மனுஷன் வருஷா வருஷம் டைரக்டரி எதுக்கு வாங்குறாரு? அது பெட்டியில நுழையாதுன்னு தெரிஞ்சதும் புரிஞ்சுபோச்சு. கொண்டுவர்றவ கதவத் தட்டியே ஆகணும்!"

பலகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "தெருவை எடுத்துட்டாங்கன்னா அவங்க வரவே மாட்டாங்களேன்னு... பழி அவங்க மேல விழும்னு சத்தியமா நினைக்கலைங்க."

தன் வீட்டுக்குள் போய்ப் பழைய டைரக்டரியைக் கொண்டுவந்தார். பின்னட்டையில் எட்டு ஸ்டிக்கர்களும் வரிசையாக ஒட்டியிருந்தன. அடுத்தவர் பொருளைத் தூக்கிப் போட மனம் வரவில்லையாம். கிளெனிஸுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

10.40.

கோரலியின் கைப்பேசியிலேயே சூப்பர்வைசரைக் கூப்பிட்டு ஆல்வின் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கிளெனிஸ் புகாரை வாபஸ் வாங்கினாள். கோரலியின் வேலை பிழைத்தது. குவோல் தெரு மட்டும் அடுத்த வாரத்திலிருந்து ரூட்டில் இல்லை என்று சொல்லிவிட்டான் அந்த மனிதன். ஆல்வின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் பொழப்புலயே கை வெச்சிட்டீங்களே, மூளைன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?" என்று பிடித்துக்கொண்டாள் கோரலி.

"இல்லைங்க."

"வேலை இருந்தாத்தான் நான் ஒரு தெருவுக்கு வரணும்னு சட்டமா?"

ஆல்வின் நிமிர்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்கு வர்றேன். ஆட்டுத்தொடை ரோஸ்ட் போடுங்க. தள்ளுவண்டி இல்லாம வருவேன், அடையாளம் தெரியுமில்ல?"

"தெரியுங்க" என்றார் ஆல்வின்.