ஞாயிற்றுக்கிழமை வராத கப்பல்

ரேஞ்சர் அய்பிலிக் தன் சிவப்பு மேல்சட்டையை மடித்து ஒரு கடைப் பையில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்கு வந்தார். இருபத்தாறு வருடமாக ராணுவத்துக்காக வடக்குப் பனிக்கடலைச் சுற்றிக் காவல் பார்க்கிறவர். அந்தச் சட்டை இல்லாமல் அவரைக் கல்யாண வீட்டில்கூட யாரும் பார்த்ததில்லை.

"நாளைக்கு பிளேன்ல இதைத் திருப்பி அனுப்பணுமாம், லீட்டியா. நான் பொய்யனாம்."

சார்ஜன்ட் லீட்டியா அக்காவாக் தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். அதற்குள் பாதுகாப்புத் துறை அதிகாரி லாஷான்ஸ் உள்ளே வந்தார். தலைநகர் ஒட்டாவாவிலிருந்து நேற்றுத்தான் இறங்கியவர். கையோடு கொண்டுவந்த செயற்கைக்கோள் படங்களை மேசையில் பரப்பினார். வெள்ளைப் பனியின் நடுவே பளிச்சென்று ஒரு புள்ளி.

"வெள்ளி, சனி, திங்கள், மூணு நாளும் அதே இடம். உலோகம் இல்லாம இப்படி மின்னாது. பனியைப் பிளந்துக்கிட்டு ஏதோ நீர்மூழ்கிக் கப்பல் தலையை நீட்டியிருக்கு. திங்கட்கிழமை இவரைப் பார்த்துட்டு வரச் சொன்னோம். 'ஒன்றுமில்லை'ன்னு எழுதிக் கொடுத்திருக்கார். இவர் அங்கே போகவே இல்லை. சறுக்குவண்டி பூரா சீல் மிருகத்தோட ரத்தம். வேட்டைக்குப் போயிருக்கார்."

"நம்ம ஊருக்கு நீர்மூழ்கிக் கப்பலா?" என்றான் கான்ஸ்டபிள் பென்னி. அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"வியாழக்கிழமை புது செயற்கைக்கோளுக்கு நிதி கேட்டு நான் குழு முன்னால நிக்கணும்," என்றார் லாஷான்ஸ். "அங்கே இவர் அறிக்கையை யாராவது நீட்டினா என் கதி?"

லீட்டியா படங்களை நிதானமாக அடுக்கினார். "ஞாயித்துக்கிழமை?"

"அன்னைக்கும் படம் இருக்கு. புள்ளி இல்லை. முங்கியிருக்கும்."

"அண்ணே, உங்க துப்பாக்கிக் குண்டு எத்தனை செலவாச்சு?"

"ராணுவம் கொடுத்தது கொடுத்தபடி இருக்கு," என்றார் அய்பிலிக்.

"கடையில குண்டு கிடைக்காதா என்ன?" என்றார் லாஷான்ஸ்.

லீட்டியா எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு மூன்று பேரையும் வெளியே கூட்டிப்போனார். விமானத் திடலுக்குப் பக்கத்தில் பெரிய அலைவாங்கியைத் தாண்டி ஒரு சிமென்ட் மேடை இருந்தது. அதில் நான்கு போல்ட்டுகள் மட்டும் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன.

"இதுமேல என்ன இருந்துச்சு, சார்?"

"செயற்கைக்கோள் ரேடார் அலையை அனுப்பித் தன் பார்வையைச் சரிபார்த்துக்கறதுக்கு வெச்சது. மூணு அலுமினியத் தகடு, பெட்டியோட மூலை மாதிரி சேர்த்திருக்கும். பழசாயிடுச்சு, தூக்கிப் போடச் சொன்னேன்."

"குப்பைமேட்டுலயா?" பென்னி சிரித்தான். "எங்க ஊர்ல அதைவிடப் பெரிய கடை கிடையாது, சார்."

"பையை எடுத்துக்குங்க, அண்ணே," என்றார் லீட்டியா. "எல்லாரும் கிளம்பலாம்."

பனிவண்டியில் இரண்டு மணி நேரம் ஆனது. புள்ளி விழுந்த இடத்தில் பவுலூசி என்ற வேட்டைக்காரர், சீல் மூச்சுவிட வரும் துளையருகே மண்டியிட்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் காற்றுக்குத் தடுப்பாக மூன்று அலுமினியத் தகடுகள் நின்றன. காலையில் பிடித்த சீல் ஒன்று பக்கத்தில் கிடந்தது. வந்தவர்களைக் கண்டதும் அவர் சலித்துக்கொண்டார்.

"இத்தனை பேரு திமுதிமுன்னு நடந்தா எந்த சீல் வரும்?"

லாஷான்ஸ் தகடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கப்பல் ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு எடுத்திருக்கு," என்றார் லீட்டியா. "எந்தக் கடற்படைக்கும் அந்தப் பழக்கம் இல்லை. எங்க ஆளுங்களுக்கு உண்டு. அன்னைக்கு சர்ச், வேட்டை கிடையாது. சனிக்கிழமை சாயங்காலமே காத்து அடிச்சுக்கிட்டுப் போகாம இதைப் படுக்கப் போட்டிருப்பார். நிமிர்ந்து நின்னா உங்க அலையை அப்படியே திருப்பி அனுப்பும். படுத்துட்டா அனுப்பாது."

"அப்ப ரத்தம்?"

"ரத்தத்தைப் பார்த்ததும் அண்ணன் வேட்டையாடினார்னு நினைச்சீங்க. குண்டு ஒன்னும் குறையலை. இங்கே ஒருத்தர் புடிச்சா எதிர்ப்பட்டவருக்கும் பங்கு உண்டு. அப்படின்னா பங்கு கொடுக்க இங்கே ஒருத்தர் இருந்திருக்கணும். அண்ணன் வந்ததுக்கு அந்த ரத்தம்தான் சாட்சி."

பவுலூசி தலையாட்டினார். "திங்கட்கிழமை மத்தியானம் வந்தாரு. ஈரலும் தொடையும் கொடுத்தேன்."

லாஷான்ஸ் அய்பிலிக் பக்கம் திரும்பினார். "இதை ஏன் எழுதலை?"

"படிவத்துல வேற்று நாட்டுக் கப்பல், விமானம், ஆள் உண்டான்னுதானே கேட்டிருந்துச்சு," என்றார் அய்பிலிக். "இவன் என் மச்சான்."

அரை மணியில் செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடந்தது. ஒட்டாவாவில் படம் வரும்வரை லாஷான்ஸ் தொலைபேசியில் காத்திருந்தார். புள்ளி மறுபடியும் வந்துவிட்டது என்று மறுமுனையில் பரபரப்பாகச் சொன்னார்கள். அவர் தொலைபேசியை வைத்துவிட்டு லீட்டியா பக்கம் திரும்பினார்.

"வியாழக்கிழமை நான் என்னன்னு சொல்ல?"

"மேல இருக்கறது சரியாத்தான் பார்த்திருக்கு. அதுக்கு நிதி கேளுங்க. கூடவே, அது என்னன்னு போய்ப் பார்க்கற இவங்க வண்டிக்குப் பெட்ரோலும் கேளுங்க."

லாஷான்ஸ் அந்தக் கடைப் பையிலிருந்து சிவப்புச் சட்டையை எடுத்து உதறினார். அய்பிலிக் போட்டுக்கொள்ள வாகாக விரித்துப் பிடித்தார். அய்பிலிக்கின் கண் கலங்கியது. குளிர் என்று சொல்லிக்கொண்டார்.

புறப்படும்போது பவுலூசி ஒரு பெரிய துண்டு சீல் கறியை அறுத்து லாஷான்ஸின் இரண்டு கைகளிலும் வைத்தார். ஊருக்குத் திரும்பி இறங்கியபோது அவருடைய கோட்டு, சறுக்குவண்டி எல்லாம் ரத்தம்.

"என்ன சார்," என்றான் பென்னி, "வேட்டைக்குப் போயிருந்தீங்களா?"

லாஷான்ஸ் அறிக்கையை வெளியே எடுத்தார். கறை படிந்த கையாலேயே பேனாவை எடுத்தார். 'ஒன்றுமில்லை' என்று அய்பிலிக் எழுதிய வரிக்குக் கீழே 'நேரில் பார்த்தேன், உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.