உள்ளிருந்து வந்த பதில்

கழிவறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "உள்ள எல்லாம் சரியா?" என்று கேட்டாள். "நல்லா இருக்கேன்க்கா" என்று பதில் வந்தது. திரும்பி முன்னறைக்கு வந்தவள், வழக்கமாக அங்கே வந்து போகும் பெயின்டர் நனைந்த தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்து நின்றுவிட்டாள். உள்ளே இருப்பது அவர்தான் என்று நினைத்துத்தான் அவள் தட்டியிருந்தாள்.

"நீங்க பாத்ரூம்ல இல்லையா?"

"எங்க பாத்ரூம்ல? நான் டீக்கடைக்குப் போய் எவ்வளவு நேரமாச்சு!"

மையத்தில் வேறு யாரும் இல்லை. அவள் போய்க் கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. பினாயிலும் ஈரச் சுவரும் கலந்த வாடை. நிரம்பிய வாளியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கத்து வீட்டுக் குரல் குழாய் வழியாக வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பின்பக்கத்து வீட்டில் அவளை அக்கா என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்?

ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கான மையம் அது. புது ஊசி வாங்கிக்கொண்டு பழையதைப் பெட்டியில் போடலாம், புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளலாம், யாரிடமும் திட்டு வாங்காமல் கொஞ்ச நேரம் உட்காரலாம். போதையை விடு என்று அங்கே யாரும் பாடம் எடுப்பதில்லை. விடுகிற நாள் வரும்வரை உயிரோடு இரு, அவ்வளவுதான். உள்ளே ஊசி போடக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்தது. கழிவறையில் போய்ப் போடுகிறார்கள் என்பது ஒட்டியவர்களுக்கே தெரியும். அதனால்தான் தட்டுவது. யாராவது உள்ளே போனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை தட்ட வேண்டும், பதில் வராவிட்டால் திறக்க வேண்டும்.

திறப்பதுதான் பெரும்பாடு. கதவு உள்பக்கமாகத் திறப்பது. மயங்கி விழுகிறவர் அதன்மேலேயே விழுந்தால் யானை வந்து தள்ளினாலும் நகராது. வெளியே திறக்கும்படி மாற்றிக் கொடுங்கள் என்று அவள் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. அதற்குக் கட்டட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், மேலிடம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பார் மேனேஜர். பொறுமை போன ஒரு நாள் அவளே திருப்புளியை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டாள். மறுநாள் அது பளபளவென்று புதிதாக மாட்டப்பட்டிருந்தது. "பொம்பளைங்களும் வந்து போற இடம். தாழ்ப்பாள் இல்லாம எப்படிம்மா?" என்றார் உரிமையாளர். அவர் சொன்னதிலும் தப்பில்லை என்பது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

குரலைப் பற்றி அவள் முதலில் சொன்னது ரேடியோவிடம். ஒரு காலத்தில் அதே மையத்துக்கு ஊசி வாங்க வந்தவன், இப்போது அவளோடு வேலை பார்ப்பவன். வாய் ஓயாமல் பேசுவதால் வந்த பெயர் அது. அவள் சொல்லி முடித்தபோது அந்த வாய் ஓய்ந்திருந்தது.

"இந்த பாத்ரூம்ல டிரைவர் செத்தாரு இல்ல, அன்னைக்கு நான்தான் டூட்டி" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "தட்டிக்கிட்டேதான் இருந்தேன்க்கா. ஒவ்வொரு தடவையும் பதில் வந்துச்சு. நல்லா இருக்கேன்ணே, நல்லா இருக்கேன்ணேன்னு. மூட்ற நேரமாச்சேன்னு கதவை உடைச்சா, ஆளு வெறைச்சுக் கெடக்காரு. உயிர் போய் ரொம்ப நேரமாச்சுன்னாரு டாக்டரு."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லுவாங்க? பய மறுபடியும் போட ஆரம்பிச்சுட்டான்பாங்க. நீங்களேகூட ஒரு நிமிஷம் நெனச்சிருப்பீங்க."

அவளும் நினைத்திருப்பாள்.

மேனேஜரிடம் அவள் குரலைப் பற்றி மூச்சு விடவில்லை. கதவைப் பற்றி மட்டும்தான் இன்னொரு முறை கேட்டாள். அதற்குள் ரேடியோ யாரிடமோ உளறியிருந்தான் போல.

"ஏற்கெனவே இந்தத் தெருவே நம்ம மேல காண்டா இருக்கு. இப்ப பேய், பிசாசுன்னு வேற கெளப்பாதீங்கம்மா. வர்ற வாரம் மேலிடத்துல இருந்து பார்வையிட வர்றாங்க. கேட்டா எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க."

இரண்டு நாள் கழித்து, மதியத்திலிருந்தே மழை. நான்கு மணிக்கெல்லாம் தெரு மங்கிவிட்டது, கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. முனையில் போலீஸ் வண்டி நின்றதால் வருகிறவர்கள் எல்லாம் பாதியிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். எங்கே போயிருப்பார்கள், எந்தப் பாலத்தடியில் யாருடைய ஊசியைப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு காந்தியது. காலில் சீழ் பிடித்த ஒருவரை அழைத்துக்கொண்டு ரேடியோ மருத்துவமனைக்குப் போயிருந்தான். தகரக் கூரையில் விழும் மழையின் இரைச்சலும், மெழுகுவத்தி வாசனையும், சுவரில் தன்னைவிடப் பெரிதாக அசையும் தன் நிழலுமாக அவள் தனியே உட்கார்ந்திருந்தாள்.

போலீஸ் வண்டியைப் பொருட்படுத்தாமல் வந்தவர் டெய்லர் ஒருவர்தான். சாந்தமான மனிதர். அவள் பெண்ணின் பள்ளிச் சீருடையை அவர்தான் தைத்துத் தந்தார். பழைய விபத்து ஒன்றில் தொண்டை நசுங்கிக் குரல் அடியோடு போய்விட்டது, கிசுகிசுப்புகூட வராது. எல்லாம் கையாலும் கண்ணாலும்தான். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, கொஞ்ச நேரம் என்று காட்டிவிட்டுக் கழிவறைப் பக்கம் போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அவரோடு அவளுக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அவள் தட்டினால் அவரும் உள்ளிருந்து தட்டுவார்.

அப்போது பார்த்துத்தானா மேனேஜர் கூப்பிட வேண்டும்? நாலக்சோன் தீரப்போகிறது என்று அவள் காலையில் செய்தி அனுப்பியிருந்தாள். மூச்சு அடங்கிப் போகிறவரைத் திரும்ப இழுத்து வரும் மருந்து அது. அதன் வேகம் இறங்கினால் மூச்சு மறுபடியும் அடங்கலாம், அதனால் ஆஸ்பத்திரிக்கும் போயாக வேண்டும். "போன மாசம்தானே அனுப்பினோம்? இவ்வளவு சீக்கிரம் எப்படித் தீரும்?" என்று அவர் கேட்க, ஆட்கள் சாகாமல் இருந்ததால் தீர்ந்தது என்று இவள் சொல்ல, பேச்சு வளர்ந்துகொண்டே போனது. அவர் வைத்ததும் கணவன் கூப்பிட்டான்.

"மழை கொட்டுதே. எல்லாம் சரியா?"

"நல்லா இருக்கேன்" என்றாள்.

சொன்ன பிறகு அந்தச் சொல் வாயில் யாரோ வைத்துவிட்டுப் போனதுபோலக் கிடந்தது. போனை வைத்துவிட்டு எழுந்து போய்த் தட்டினாள்.

"அண்ணே, எல்லாம் சரியா?"

"நல்லா இருக்கேன்க்கா."

நிம்மதியாக இருந்தது. திரும்பி வந்து மேசை முன் உட்கார்ந்தாள். பஞ்சை எடுத்துச் சிறு சிறு உருண்டைகளாக உருட்டத் தொடங்கினாள்.

கை நின்றது.

டெய்லருக்குக் குரல் கிடையாது.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. கதவை உள்ளங்கையால் அறைந்தாள். "அண்ணே! கதவைத் தட்டுங்க! பேசாதீங்க, தட்டுங்க!"

"நல்லா இருக்கேன்க்கா."

மிக அருகில். கதவின் மறுபக்கத்தில் உதட்டை ஒட்டிவைத்துப் பேசுவதுபோல. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். அவசரமே இல்லாத குரல்.

தள்ளினாள். தாழ்ப்பாள் கிறீச்சிட்டது, நகரவில்லை. முதுகைக் கொடுத்து, கால்களை எதிர்ச்சுவரில் ஊன்றித் தள்ளினாள்.

"நல்லா இருக்கேன்க்கா. போங்கக்கா."

"வாயை மூடு!" என்று கத்தினாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைச் சொன்னாள். மேனேஜரை, உரிமையாளரை, முனையில் நின்ற வண்டியைச் சொன்னாள். இன்னொரு தள்ளு. புதுத் தாழ்ப்பாள் திருகாணிகளோடு பெயர்ந்து தெறித்தது. கதவு ஒரு சாண் திறந்து, கனமாக எதன்மேலோ முட்டி நின்றது.

குரல் நின்றது.

இடுக்கில் உடம்பைத் திணித்து உள்ளே நுழைந்தாள். போன் வெளிச்சத்தில் ஈரத்தரை. டெய்லர் கதவின்மேல் சரிந்து கிடந்தார். உதடு நீலம். நகம் நீலம். மூச்சு இல்லை.

இடுப்புப் பையில் இருந்த நாலக்சோனை அவர் தொடையில் குத்தினாள். ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தி, போனைப் பேசவிட்டுத் தரையில் வைத்தாள். அவர் தலையை நிமிர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். நெஞ்சு எழுந்தது. அடங்கியது. ஊதினாள். அடங்கியது.

"விலாசம் சொல்லுங்க. அந்த ஊசி போடுற இடமா?" என்றது போன். சொன்னாள். "பேச்சு இருக்கா?"

"இல்ல. சீக்கிரம் வாங்க."

ஊதினாள். கடைசியாக இருந்த மருந்தையும் போட்டாள். ஊதினாள். வாங்கண்ணே. வாங்க. ஊதினாள்.

அவர் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. நீளமாக, கரகரவென்று ஒரு மூச்சு உள்ளே போனது. பிறகு இன்னொன்று. உதட்டில் நிறம் ஊறி வந்தது. அவள் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதுவிட்டாள். இந்த ஒரு ஆளையாவது விட்டுக் கொடுக்கவில்லை.

டெய்லர் கண் திறந்தார். அவளைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. ஆனால் கண்கள் அவளிடம் நிற்காமல் விரிந்துகொண்டே போயின. அவர் கை தடவித் தடவி மேலேறித் தன் தொண்டையைப் பிடித்தது.

"அண்ணே? என்னண்ணே?"

அவர் வாய் திறந்தது.

"நல்லா இருக்கேன்க்கா" என்றது அந்தக் குரல்.

அவர் வேகமாகத் தலையை ஆட்டினார். இல்லை. இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஒரு கையால் அவள் மணிக்கட்டை நகம் பதிய இறுக்கினார். மறுகையால் தன் வாயைப் பொத்தினார். போதவில்லை. அவளை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் பொத்தி அழுத்தினார்.

தரையில் கிடந்த போன், "பேச்சு வந்துடுச்சா? அப்ப வண்டி வேண்டாம்ல?" என்று கேட்டது.

அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து, நிதானமாக, அது பதில் சொன்னது.