கேட்காமல் இணை

மெட்ராஸ் பட்டணத்திலேயே ஒரு பேய்க்கு முறைப்படி அனுமதி வழங்கி, உட்கார சீட்டும் கொடுத்த ஒரே மனிதர் ராமானுஜம்தான். அவரே சொல்வார். நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிற அத்தனை பேருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், சொல்லியாயிற்று. மரியாதைக்காவது மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒரே ஒருவன்தான் முகத்துக்கு நேராகவே "பொய்" என்றான். மனைவி கோமளத்தின் தம்பி ஸ்ரீவத்சன். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன்.

வேடிக்கை என்னவென்றால், அது நடந்தபோது காருக்குள் அவனும் இருந்தான்.

கார், பாலவாக்கத்தில் ஒரு பூட்டிய வீட்டு வாசலில் உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டு நின்ற பழைய வண்டி; ராமானுஜம் மலிவு விலைக்கு வாங்கியது. முப்பத்தாறு வருஷம் தொலைபேசி இலாகாவில் ஒயர் முறுக்கிய கை சும்மா இருக்குமா? கையகல கம்ப்யூட்டர் போர்டு ஒன்று, ஏழு அங்குலத் தொடுதிரை ஒன்று வாங்கி, ஒட்டுப்பலகைச் சட்டத்தில் பொருத்திவிட்டார். போனில் தெரிவதெல்லாம் காரில் தெரிய வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஆனால் அந்தத் திரை ஒவ்வொரு தடவையும், 'இந்தக் கருவியை அனுமதிக்கலாமா?' என்று நச்சரித்தது. கோமளமே அவரை அவ்வளவு கேள்வி கேட்டதில்லை. எரிச்சலில் செட்டிங்ஸுக்குள் புகுந்து, 'யார் வந்தாலும் கேட்காமல் இணை' என்பதற்கு எதிரே டிக் போட்டார். ரகசிய எண்ணையும் எடுத்துவிட்டார். இன்ஜினை அணைத்தாலும் திரை அணையாதபடி ஒயரை நேராக பேட்டரியில் முறுக்கினார்.

"இது தப்பு அத்திம்பேர்," என்றான் ஸ்ரீவத்சன்.

"ஆத்துக்கு வரவாளை வாசல்ல நிக்க வெச்சு யாருன்னு விசாரிப்பாளோடா? வாங்கோன்னுதானே சொல்வா!"

மத்தியானம் இரண்டு மணி. ராமானுஜம் குடியிருந்த ஆழ்வார்பேட்டை அடுக்ககத்தின் இரண்டாவது அடித்தளம். மேலே வெயில் கொளுத்தியது. கீழே பட்டப்பகல் என்பதே மறந்துபோன இருட்டு. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ராமானுஜம் மச்சினனைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, இன்ஜினைக் கிளப்பி, கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டார்.

திரை விழித்தது. 'இணைக்கப்பட்டது.'

"பார்த்தியா வேகத்தை!"

"உங்க போன் இன்னும் பாக்கெட்லதானே இருக்கு? ஸ்விட்ச் ஆஃப்னு சொன்னேளே."

"அப்ப உன்னோடது."

"என்னோடது மாடில அக்காகிட்ட சார்ஜ்ல இருக்கு."

கருவியின் பெயர் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. திரையில் இருட்டு. வெறும் இருட்டில்லை; கேமராவை விரலால் பொத்தினால் தெரியுமே, அந்த மங்கிய சிவப்பு.

விரல் விலகியது.

இரண்டு பின்னந்தலைகள். ஒன்று வழுக்கை. இன்னொன்று சாயம் பூசியது.

ராமானுஜம் கையைத் தூக்கினார். திரையில் வழுக்கைத்தலையும் கையைத் தூக்கியது. வெடுக்கென்று திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் யாருமில்லை.

"திரும்பாதேங்கோ," ஸ்ரீவத்சன் கிசுகிசுத்தான். "நீங்க திரும்பினப்போ அது உங்க மூஞ்சிக்குக் கிட்ட வந்தது."

மூன்று நாள் கரையில் கிடந்த மீன்போல ஒரு வாடை காரை நிரப்பியது.

படம் நகர்ந்தது. சாயம் பூசிய தலையை நோக்கி, அவசரமே இல்லாமல். பிடரி மயிர் தெரிந்தது. வியர்வைத் துளி தெரிந்தது.

பிறகு இரண்டு கைகள் படத்துக்குள் வந்தன. தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள்.

ஸ்ரீவத்சனின் பேச்சு பாதியில் நின்றது. அவன் கழுத்துத் தோல் பத்து இடத்தில் குழிந்தது. அழுத்துகிற விரலைக் காணோம். குழி மட்டும் இருந்தது.

ராமானுஜம் சாவியைத் திருப்பினார். இன்ஜின் செத்தது. திரை சாகவில்லை.

'துண்டி' என்ற பொத்தானைக் குத்தினார். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. அவர் விரல் போவதற்குள் 'இல்லை' தானாக அமுங்கியது.

மறுபடி குத்தினார்.

இல்லை.

ஸ்ரீவத்சனின் கண்கள் பிதுங்கின. கால்கள் தரையை உதைத்தன. கோமளத்திடம் போய் என்ன சொல்வது? ராமானுஜம் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, அகப்பட்ட சிவப்பு ஒயரை வேரோடு பிடுங்கினார்.

திரை அணைந்தது. ஸ்ரீவத்சன் இருமிய இருமலில் அடுக்ககமே அதிர்ந்தது. அறுபத்தெட்டு வயசு ராமானுஜம், மச்சினனைத் தோளில் சாய்த்துக்கொண்டு இரண்டு மாடியை நாலே எட்டில் ஏறினார். துரத்தி வந்திருந்தால் பேய்க்குத்தான் மூச்சு வாங்கியிருக்கும்.

காப்பி குடித்து முடித்ததும் ஸ்ரீவத்சன் சொன்னது: "வண்டிப் புகை அத்திம்பேர். மூடின இடத்துல இன்ஜினை ஓடவிட்டா மூளை கலங்கும்."

"கழுத்துல பத்து கறுப்புத் தழும்பு இருக்கேடா?"

"காலர் இறுக்கம்."

மறுநாளே காரைத் திரையோடு புதுப்பேட்டையில் உடைக்கக் கொடுத்துவிட்டார் ராமானுஜம். மூன்று நாள் பூங்காவில் அவர் வாய் ஓயவில்லை. அடையாறிலிருந்து வந்து ஸ்ரீவத்சன் மறுப்பதும் ஓயவில்லை.

நாலாம் நாள் காலை அவன் வரவில்லை. போன்தான் வந்தது. குரல் கிணற்றுக்குள் இருந்தது.

"டிவில நியூஸ் பார்த்துண்டிருந்தேன். படம் தானா மாறித்து."

"என்ன படம்?"

"என் பின்னந்தலை."

ராமானுஜம் போனைக் காதோடு அழுத்தினார். "டேய்... உன் நாற்காலி சுவரை ஒட்டின்னா போட்டிருக்கு?"

"ஒரு விரல்கூட நுழையாது." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "எல்லாம் நடந்தது அத்திம்பேர், ஒத்துக்கறேன். இப்ப நான் திரும்பலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லுங்கோ."