நான்கு சதவீதம்

காலை 11.10. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது: "ஒருநாள் இந்த ஸ்கூலைக் கொளுத்துவேன்." எண், பதினோராம் வகுப்பு ஆந்தையுடையது; வீட்டில் வேறு போன் இல்லாததால் குழுவில் இருந்தது அவள் எண்தான். விடிய விடிய போனில் கிடந்துவிட்டு வகுப்பில் தூங்கி வழிபவளுக்கு அந்தப் பெயர்.

11.30. வெளியே போயிருந்த தலைமையாசிரியை அலறியடித்துக்கொண்டு வந்து இரும்பு அலமாரியைத் திறந்தார். காலையில் வாங்கிப் பூட்டிய நாற்பது போன்களும் அப்படியே இருந்தன. ஆந்தையுடையது இருபத்தேழாம் பையில்.

"மெசேஜுக்கு நேரம் குறிச்சு வச்சா தானாப் போயிடும் மேடம்," என்றார் மனநல ஆலோசகர். "குடுக்கறதுக்கு முன்னாடியே செஞ்சிருக்கா."

நாலு மணிப் பெற்றோர் கூட்டத்துக்குள் அவளைப் பள்ளியைவிட்டு நீக்குவதென்று முடிவானது.

போன்களை வாங்கிப் பதிவேட்டில் எழுதுவது ஆய்வுக்கூட உதவியாளரின் வேலை. பிள்ளைகளுக்கு அவள் லேப் அக்கா. வராந்தாவில் நின்ற ஆந்தையிடம் நேராகக் கேட்டாள்: "நீ செஞ்சியாடி?"

"தெரியலக்கா. போன் பைத்தியம் பிடிச்சவங்களுக்குச் செஞ்சது மறந்துபோகும்னு கவுன்சிலர் சார் சொல்றாரு. செஞ்சிருப்பேன் போல."

அந்தப் 'போல'வை அக்கா ஏற்கவில்லை. போனின் பூட்டெண் வேறு யாருக்குத் தெரியும் என்று விசாரித்தாள். யாருக்கும் தெரியாதாம். ஆலோசகர் கொடுத்த படிவத்தில் மட்டும் எல்லாரையும் எழுதச் சொன்னாராம்.

12.15. தலைமையாசிரியை அறை. ஆலோசகரும் இருந்தார். எடுத்ததிலிருந்து போன் தன் மேஜையைவிட்டு நகரவில்லை, சார்ஜும் போடவில்லை என்றார் தலைமையாசிரியை. அக்கா பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினாள். திரை விழித்தது. பதிவேட்டைப் புரட்டினாள். அலமாரியில் வைத்தால் சார்ஜ் குறைகிறதென்று பிள்ளைகள் ஒருமுறை சண்டை போட்டதிலிருந்து, கொடுக்கும்போது இருக்கும் சார்ஜை எழுதிக் கையெழுத்து வாங்குவது வழக்கம்.

"இருபத்தேழு. எட்டரைக்கு நாலு பர்சன்ட். ராத்திரி முழுக்கப் பார்த்துத் தீர்த்துட்டு வந்த போன். இப்ப அறுபத்தொண்ணு. அலமாரிக்குள்ள பிளக் இருக்கா மேடம்?"

தலைமையாசிரியை பதிவேட்டை எட்டிப் பார்த்தார்.

"சாகக் கிடந்த போனை எவரோ எடுத்துச் சார்ஜ் போட்டு வேலையை முடிச்சிருக்காங்க. உங்க சாவி உங்ககூட வெளியே போச்சு. இன்னொரு சாவி சார்கிட்ட. பூட்டெண்ணும் சார்கிட்ட மட்டும்தான்."

ஆலோசகரின் போன்மறப்புப் பயிற்சியில் ஒரு பெற்றோர்கூடச் சேரவில்லை என்பது ஊரறிந்த கதை. நாலு மணிக்கு அவர்தான் பேச்சாளர். கூட்டம் பயந்து போய் வந்தால் அவருக்குக் கொண்டாட்டம்.

"பிள்ளைங்க நல்லதுக்காகத்தான்..." என்று ஆலோசகர் இழுத்தார்.

நாற்பது பூட்டெண்களும் அவர் கோப்பில் இருந்தன. அலமாரியில் வைத்த போன்களில் சார்ஜ் குறைந்ததும் அதனால்தான். பிள்ளைகளின் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கீழே வைக்க மனமில்லாமல் தினமும் நோண்டியவர் அந்த மனுஷன்தான்.

வாசலில் ஆந்தை நின்றிருந்தாள். "அப்ப நான் அனுப்பலையாக்கா?"

"இல்லடி."

"நிச்சயமா?"

அக்கா பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, நாலு பர்சன்ட்டுக்கு எதிரே இருந்த அவளுடைய கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.