ஆள் வராத செருப்புகள்

வாசலில் அத்தனை செருப்பு கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் நாலே பேர். லீமாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

அந்தக் கிளினிக்கில் டோக்கன் கீக்கன் எல்லாம் கிடையாது. வருகிறவர்கள் செருப்பைப் படிக்குக் கீழே வரிசையில் விட்டுவிட்டு உள்ளே ஒதுங்கி நிற்பார்கள். டாக்டர் வந்ததும் செருப்பு கிடக்கிற வரிசைப்படி ஆளை டாக்டர் அறைக்கு விடுவார்கள். சவத்து மழை காலையிலிருந்தே விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, கூரையிலிருந்து விழுந்த தண்ணீர் அந்தச் செருப்புகளின் குழிகளில் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. ததேயுஸும் தன் நீலச் செருப்பைக் கடைசியில் விட்டான். குனிய முடியாமல் பொண்டாட்டி லீமாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கழற்றினான்.

மத்தியானம் கஞ்சி குடித்து எழுந்தபோது பிடித்தது அவனுக்கு. நெஞ்சுக்குழியில் ஒரு பாரம், இடது தோள் வரைக்கும் ஒரு கடுப்பு. வாயுதான் என்றான். வாயுதான் என்றாள் லீமாவும். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், தைலத்தை அள்ளி நெஞ்சு முழுக்கத் தேய்த்தாள். அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. வேர்த்தால் வாயு இறங்குகிறது என்று அவளுக்குச் சந்தோஷம் வேறு, பாவம்! இனயம் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

வரும் வழியில் முக்கில் ஆட்டோவை நிறுத்தி ஜிபின் கேட்கத்தான் செய்தான்.

"அக்கா, மெடிக்கல் காலேஜுக்கு விடட்டா, கிளினிக்குக்கா? அண்ணனுக்க மொகம் சரியில்ல, கேட்டியளா."

"கிளினிக்குக்கு விடு மக்கா. ஒரு ஊசி போட்டா சரியாவும்."

அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றாலே பேடி, அப்படி ஒரு பயம். போன வருஷம் அவள் அண்ணன் சகாயத்தை அங்கே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் கண்ணாடிப் பெட்டியில்தான் வீட்டுக்கு வந்தான். அங்கே போனால் ஆள் திரும்பாது என்று அன்றைக்கு அவள் மனசில் பதிந்துபோயிற்று. நாள்கணக்கில் வீட்டில் வைத்துத் தைலம் தேய்த்துவிட்டுக் கடைசி மூச்சில் கொண்டுபோனால் அங்கே இருக்கிறவர்கள்தான் என்ன செய்வார்கள்? அதை யார் யோசிக்கிறார்கள்!

டாக்டர் இன்னும் வரவில்லை. நர்ஸ் ஷிபா அவரிடம் போனில் கேட்டு ஒரு ஊசி போட்டாள், உள்ளறைக் கட்டிலில் படுக்க வைத்து டிரிப்பும் ஏற்றினாள். டெட்டாலும் ஈரத்துணியும் தைலமும் கலந்த வாடை அந்தச் சின்ன அறையில் மூச்சு முட்ட நின்றது. கரண்ட் போய்ப் போய் வந்தது. டியூப்லைட் ஒவ்வொரு முறையும் தயங்கித் தயங்கி எரிய, ததேயுஸின் முகம் மஞ்சளாகவும் பிறகு சாம்பலாகவும் தெரிந்தது. அதைப் பார்க்கத் தாளாமல் லீமா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

கீழே செருப்புகள். ஒன்றில் பாசி பிடித்திருந்தது. இன்னொன்றின் வார் துளை வழியாகப் புல் முளைத்திருந்தது.

"ஷிபா, இதெல்லாம் யாருக்க செருப்பு?"

"வந்த ஆளுவளுக்கதான் அக்கா. இங்க முடியாம பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடும்போ செருப்ப யாரு நினைக்கா? பிந்திப் போனதுல பலரும் வழியிலேயே முடிஞ்சாச்சு. பிறகு ஒருத்தரும் கேட்டு வரல்ல. எடுத்துக் களையவும் கை வரமாட்டேங்கு."

லீமா மறுபடி செருப்புகளைப் பார்த்தாள். அத்தனை பேரா? பிந்தினால் இவனும் அப்படித்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். பாலத்தில் தண்ணீர் ஏறிக் கிடக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும், நேரமாகும் என்றார்கள்.

அவள் புருஷனின் காதருகே குனிந்தாள். "இஞ்ச பாருங்க, நாம பெரிய ஆஸ்பத்திரிக்கே போவோம்."

"போவோம் ட்டி. ஆனா என்ன ஒத்தைக்கு விட்டுட்டுப் போவாத," என்றான். அவள் கையை விடவே இல்லை அவன்.

"ஆட்டோவ விளிச்சிட்டு இப்ப வந்திருவேன்."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு மழைக்குள் ஓடினாள். டீக்கடையில் நின்ற ஜிபின் வண்டியை எடுத்து வருவதற்குள் வெளிச்சம் நன்றாக மங்கிவிட்டது. கிளினிக் வாசலில் ஆட்டோ நின்றதும் அவள் இறங்கப் போனாள். இறங்க வேண்டியிருக்கவில்லை. படியில் ததேயுஸ் நின்றுகொண்டிருந்தான்.

யாரும் பிடிக்காமல், தானாக.

"மாதாவே! டிரிப்பைக் கழட்டியாச்சா?"

அவன் படியிறங்கி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தான். நடந்து வருகிறானே, அது போதாதா! ஊசி பிடித்துவிட்டது. ஜிபின் ரெண்டு பக்கமும் தார்ப்பாயை இழுத்துவிட்டான். உள்ளே இருட்டு.

"ஏறியாச்சா அக்கா?"

"ஏறியாச்சு, சீக்கிரம் விடு."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது. மழையில் நின்றதால் இருக்கும். வழி நெடுகச் செபம் சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்று தட்டியது. தைல வாடை இல்லை. அவ்வளவு தேய்த்தாளே, ஒரு பொட்டு வாடை இல்லை. தேங்கிய தண்ணீர் நாற்றம்தான் வந்தது. பாசி நாற்றம்.

ஆட்டோ முக்கி முனகியது.

"என்னக்கா இது, வண்டி இழுக்கமாட்டேங்கு," என்றான் ஜிபின் திரும்பாமல். "பொறத்த எத்தன பேரு இருக்கிய?"

லீமா வாயைத் திறக்குமுன் போன் அடித்தது. ஷிபா.

"அக்கா, எங்க போனிய? டாக்டர் வந்தாச்சு. அண்ணன் உங்களத் தேடி அழுதுட்டு கிடக்காவ. ஓடி வாங்க அக்கா, பல்ஸ் கொறைஞ்சிட்டே வருது!"

"எந்த அண்ணன்?"

"ததேயுஸ் அண்ணன்தான். கட்டில்ல. வேற யாரு?"

ஷிபாவின் குரலுக்குப் பின்னால், தூரத்தில், அவன் குரல். அவனுடைய குரல்தான். ஏட்டி லீமா. ஏட்டி.

ஜிபின், திருப்பு. சொன்னாள். சத்தம் வரவில்லை.

அவள் பிடித்திருந்த கை இப்போது அவளைப் பிடித்தது. இறுக்கமாக.

போனில் ஷிபா ஏதோ கத்தினாள். டாக்டர் எண்ணிக்கொண்டே நெஞ்சை அமுக்குகிற சத்தம். ஏட்டி என்ற குரல் மட்டும் இல்லை.

எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் தார்ப்பாய் இடுக்கு வழியாக ஆட்டோவின் தரையில் விழுந்தது. அவளுடைய செருப்பு. பக்கத்தில் வெறுங்கால். தண்ணீரில் ஊறி வெளுத்த வெறுங்கால். அதை ஒட்டி இன்னொரு ஜோடி. அதை ஒட்டி இன்னொன்று. அவள் முழங்காலுக்கு இடையிலும். இருக்கைக்கு அடியிலும். இடமே இல்லாமல். எல்லாக் கால்களும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற பக்கமாக விரல்களை நீட்டியிருந்தன.